படலை கடக்காத சைக்கிள்

குகதாசன் என்ற பெயரைப் பாலேஸ்வரி முதன்முதலில் கேட்டது ஒரு தையல் வகுப்பில். வட்டுக்கோட்டையில் ஒரு வாசிகசாலைக்குப் பின்னால், தகரம் போட்ட கொட்டிலில் அந்த வகுப்பு நடந்தது. பக்கத்து மெசினில் இருந்து தைப்பவள் குணலட்சுமி. அவளுக்கு வீடு கூப்பிடு தூரம். ஆனாலும் எல்லாருக்கும் பிந்தித்தான் வருவாள். ஒருநாள் பாலேஸ்வரி கேட்டேவிட்டாள்.

"வெத்திலை போட்டுத் துப்புறதுக்குள்ளை நடந்து வரலாம். உனக்கு மட்டும் ஏனடி விடியிறேல்லை?"

"எங்கடை குகதாசண்ணைதான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு வாறவர். அதுதான் பிந்துறது."

"சைக்கிளிலை வந்துமோ?"

"நேர்ரோட்டாலை வந்தால் பெரியப்பா வீட்டுப் படலை வருமெல்லே. அவையோடை எங்களுக்குக் கோபம். அண்ணை அந்தப் படலையைக் கடக்கமாட்டார். குளத்தைச் சுத்தி வாறவர்."

பாலேஸ்வரிக்கு வாயில் இருந்த நூலும் விழுந்துவிட்டது சிரிப்பில். மற்றப் பெட்டைகளுக்கு ஒரு ஆம்பிளையின் பெயர் காதில் விழும்போது அவன் நிறமும் உத்தியோகமும் சேர்ந்து விழும். இவளுக்கு ஒரு குளம் சேர்ந்து விழுந்தது.

அந்தப் பெயரை அவள் தலையில் கட்டிவைத்ததும் குணலட்சுமிதான். "எங்கடை அண்ணையைக் கலியாணம் செய்தியெண்டால் நாங்கள் ரெண்டு பேரும் பிரியத் தேவையில்லை" என்று மெசினை மிதித்துக்கொண்டே சொன்னாள். மாப்பிள்ளையைப் பார்த்துச் சம்மதித்தவர்கள் ஊரில் நிறையப் பேர். மச்சாளைப் பார்த்துச் சம்மதித்தவள் பாலேஸ்வரி ஒருத்திதான்.

கலியாணம் முடிய ஊர் அவரைக் குகதாசர் ஆக்கிவிட்டது. ஆள் நெடுவல். பனையில் பாதி என்பார்கள். சங்கக்கடையில் வேலை. சீனி நிறுத்தால் தராசு முள்ளு அசைந்து நிற்கும்வரை மூச்சு விடமாட்டார். தகப்பன் வீட்டையும் வளவையும் எங்கள் வழக்கப்படி தங்கச்சியின் பேருக்கு எழுதியபோது, இவர் தனக்கென்று கேட்டது ஐயாவின் சைக்கிளை மட்டும்தான். கறுப்பு நிறம், உயரமான பார், முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு ஆளைத் தாங்கும் கரியர். அதற்கு இவர் பூட்டு வாங்கவேயில்லை. ஊரில் வேறு ஒருவருக்கும் கால் எட்டாது, பிறகு எதற்குப் பூட்டு?

கலியாணம் செய்து குகதாசர் பாலேஸ்வரியின் வீட்டுக்கு வந்தார். அது குளத்துக்கு இந்தப் பக்கம். குணலட்சுமி இருந்த பழைய வீடு அந்தப் பக்கம், நேர்ரோட்டில். சந்தை, கோயில், தபால்கந்தோர், பஸ் எல்லாம் அந்த ரோட்டில்தான். குணலட்சுமியும் வாகீசன் என்ற வாயில்லாப் பூச்சியைக் கட்டி, மதுரா என்று ஒரு பெட்டையைப் பெற்றாள். மச்சாள்மார் ரெண்டு பேரும் ஒரு நாளில் மூன்று தரம் குளத்தடியால் போய் வந்தார்கள். ஒரு வீட்டில் புட்டு அவிந்தால் மற்ற வீட்டில் கறி கொதிக்கும். 

பெரியப்பாவோடு இருந்த கோபம் பெரியப்பாவின் செத்தவீட்டோடு தீர்ந்தது. எங்கள் ஆட்களின் கோபம் அப்படித்தான். நல்லதில் தொடங்கும், கெட்டதில் முடியும். கலியாணவீட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல் திரும்பி நின்றவர்கள், பாடை தூக்கும்போது கட்டிப்பிடித்து அழுவார்கள். இடையில் எத்தனை வருசம் போனது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மதுரா பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டபோது அடுத்த கோபம் தொடங்கியது. தண்ணி வார்வைக்கு நாள் வைத்தார்கள். மாமன் தேங்காய் உடைக்கவேண்டும், அது குகதாசரின் உரிமை. குணலட்சுமி புருசனிடம் அழைப்புக் காட்டைக் கொடுத்து, அண்ணைக்குச் சொல்லிவிட்டு வாங்கோ என்று அனுப்பினாள். வாகீசன் போன நேரம் சங்கக்கடை மத்தியானத்துக்குப் பூட்டியிருந்தது. உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் குகதாசர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப வாகீசனுக்குப் பயம். சுவரில் சாத்தியிருந்த சைக்கிளின் கரியர் கம்பிக்குள் காட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்த குகதாசர், காட்டை ஒரு செத்த ஓணானைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சைக்கிளுக்குத்தான் சொல்லியிருக்கினம்."

"இஞ்சாருங்கோ, கூடப்பிறந்த தங்கச்சி. நேற்றும் இஞ்சை வந்து என்னோடை இருந்து பலகாரம் சுட்டவள்."

"அது பலகாரத்துக்கு வந்தது. சொல்ல வரேல்லை. குங்குமச் சிமிழோடை வாசல்படி மிதிச்சு, அண்ணை வாங்கோ எண்டு ஒரு சொல்லு. அது வேணும்."

இது குணலட்சுமியின் காதுக்குப் போனது. அவள் சொன்னாள்: "அண்ணன்காரன் தங்கச்சி வீட்டு விசேசத்துக்குக் காட் பார்த்தோ வாறது? உரிமைக்காரனுக்கு அழைப்பென்ன?" இதுவும் நியாயம்தான். அதுவும் நியாயம்தான். ரெண்டு நியாயம் எதிரெதிரே நின்றால் நடுவில் தேங்காய்தான் கிடந்து காயும். கடைசியில் வாகீசனின் தமையன் தேங்காயை உடைத்தார். அன்று பின்னேரம் குகதாசர் பாலேஸ்வரியைக் கூப்பிட்டு, "அவவோடை நீர் ஒரு சொல்லுக் கதைக்கப்படாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

அதன்பிறகு அவர் சைக்கிள் தங்கச்சி வீட்டுப் படலையைக் கடக்கவில்லை.

சொல்ல லேசு. செய்து பாருங்கள். அந்த ரோட்டில் போகாமல் சங்கக்கடைக்குப் போகவேண்டும், கடைக்குப் போகவேண்டும், வைரவருக்கு விளக்கு வைக்கவேண்டும். குகதாசர் குளக்கட்டால் சுற்றிப் போனார். குளக்கட்டு முடிகிற இடத்தில் குணலட்சுமிக்காகக் கதைத்த ஒரு மாமி இருந்தா. அவவின் படலையும் வேண்டாம் என்று வயல் வரம்பில் இறங்கினார். வரம்பு ஏறுகிற இடத்தில் வாகீசனின் தமையன், தேங்காய் உடைத்த அதே ஆள். அங்கிருந்து வழுக்கையாற்று ஓரம். இப்படியே ஒவ்வொரு சொந்தமாகக் கழித்துக் கழித்து, குகதாசர் மெல்ல மெல்ல வீடுகளே இல்லாத வழிக்கு வந்துவிட்டார். வீடில்லாத இடத்தில் சொந்தமில்லை, சொந்தமில்லாத இடத்தில் கோபமில்லை. அங்கே வாகனமும் வராது. யாரைப் பார்க்க வரப்போகிறது?

கொக்குவிலில் இருந்து ஆனைக்கோட்டைக் குச்சொழுங்கைகள், நவாலி வயல்வெளி, மாடு மேயும் தரவை, அராலிக் கடல்நீரேரிக் கரை எல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை ஆயிற்று. மற்றவர்களுக்கு இடத்தின் பெயர் தெரியும். இவருக்கு ஒவ்வொரு இடத்திலும் அங்கே யார் இல்லை என்று தெரியும்.

பாலேஸ்வரியின் பாடுதான் கரைச்சல். புருசனுக்கு ஒரு தங்கச்சி போனாள், இவளுக்கு எல்லாமே போயிற்று. மகன் கனடாவில். மத்தியானம் கறி இறக்கி வைத்தால் ருசி பார்க்க ஒரு வாயில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் மட்டும் குணலட்சுமியைக் காணலாம். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடுவார்கள். சத்தியம் சத்தியம்தான், பாலேஸ்வரி மச்சாளோடு கதைக்கமாட்டாள். ஆனால் அம்மாளோடு கதைக்கக்கூடாது என்று ஒருவரும் சத்தியம் வாங்கவில்லையே.

"அம்மாளாச்சி, மனிசனுக்கு முழங்கால் நோ. சைக்கிள் ஓடவேண்டாம் எண்டால் கேக்கிறேல்லைத் தாயே" என்பாள் பாலேஸ்வரி, கண்ணை மூடிக்கொண்டு.

"அம்மாளாச்சி, பிரண்டை எண்ணெய் பூசச்சொல்லு தாயே. எங்கடை ஐயாவுக்கும் அதுதான் கேட்டது" என்பாள் குணலட்சுமி, அவளும் கண்ணை மூடிக்கொண்டு.

ஐயருக்கு விசயம் விளங்கும். தீபம் காட்டுவதை ஆறுதலாகக் காட்டுவார்.

இப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான், கார்த்திகையில், குணலட்சுமி கையைக் கூப்பி, "அம்மாளாச்சி, மதுராவுக்குத் தையிலை நாள் வைச்சிருக்கு. தாய்மாமன் நிக்காத மணவறையிலை என்ரை பிள்ளையை இருத்திப்போடாதை" என்றாள். பாலேஸ்வரி அன்று வீட்டுக்கு வந்து உலையில் அரிசி போட மறந்துபோனாள். மதுராவின் கலியாணத்தில் இந்தக் கோபம் தீராவிட்டால், பிறகு தீர்வதற்கு ஒரு செத்தவீடுதான் மிச்சம். யாருடைய செத்தவீடு என்பதுதான் கேள்வி. தனக்கு மச்சாள் குணத்தின் கையால் ஒரு வாய் தேத்தண்ணி வேண்டும், குணம் பாடையைப் பிடித்து அழுவது வேண்டாம். அதுதான் அவள் கேட்டது, அம்மாளிடம், சத்தமில்லாமல்.

வீட்டில் கதையை எடுத்துப் பார்த்தாள்.

"மதுராவுக்குச் சரிவந்திட்டுதாம்."

"ஆர் சொன்னது?"

"அம்மாள்."

"அப்ப அம்மாளைப் போகச்சொல்லும்" என்று குகதாசர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். அன்று ஒரே சில்லை இரண்டுதரம் துடைத்ததைப் பாலேஸ்வரி கண்டாள்.

அதற்கு ஒரு வருசம் முன்னாலேயே சைக்கிள் பயணம் தொடங்கியிருந்தது. பாலேஸ்வரியின் சித்தப்பா மகள் உதயகலா பிரான்சில் இருந்து வந்து, கொக்குவிலில் நாலு அறை கட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விட்டிருந்தாள். ஒருநாள் வந்தாள்.

"அத்தான், என்ரை வீட்டை வாற வெள்ளையள் சைக்கிள் ஓடவேணும் எண்டு நிக்கினம். பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் பயம். வாகனம் வராத வழி ஏதும் இருக்கோ?"

குகதாசர் நெஞ்சை நிமிர்த்தினார். "உங்கடை வீட்டிலையிருந்து அராலிக் கடல் மட்டும், ஒரு மோட்டச்சைக்கிளைக் காணாமல் கூட்டிக்கொண்டு போவன்."

"உங்களுக்கு எப்பிடி அத்தான் தெரியும்?"

"படிச்சவர்" என்றாள் பாலேஸ்வரி. "ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு சொந்தக்காரனோடை கோவிச்சுப் படிச்சவர்."

அப்படித்தான் சங்கக்கடையில் இருந்து ஓய்வுபெற்ற குகதாசர் சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரருக்கு வழிகாட்டி ஆனார். இங்கிலீசு அளவோடுதான். "நோ பஸ். நோ ஓட்டோ. ஒன்லி கொக்கு" என்பார். அதுவே காணும். முன்னால் தான் போவார், "மை சைக்கிள் லுக், நோ ஓவர்ட்டேக்" என்பார், வெள்ளைகள் வாத்துக்குஞ்சு போல வரிசையாகப் பின்னால் வரும். கடல்நீரேரியில் பூநாரைகள் நிற்கும் காலமென்றால் அங்கே அரைநாள் போகும். முடிவு எப்போதும் பாலேஸ்வரியின் வீட்டில், சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாக.

மார்கழியில் சுவிசில் இருந்து நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மார்க்குஸ், குகதாசரையும் விட ஒரு சாண் உயரம். குகதாசர் அவரை மார்க்கண்டு ஆக்கிவிட்டார். தங்கள் ஊர் முழுக்க மலையும் ஏரியும்தானாம், ஏறி ஏறி இறங்குவதுதான் சைக்கிள் ஓடுகிற சுகமாம், இங்கே ஏற மலை இல்லையா என்று உதயகலாவை வைத்துக் கேட்டார்.

"இருக்கே, கீரிமலை" என்றார் குகதாசர். "ஆனா அது கேணி, ஏறேலாது. இறங்கித்தான் குளிக்கலாம்."

புறப்படுகிற அன்று உதயகலாவுக்குக் காய்ச்சல். வரிசையின் வாலில் ஒரு ஆள் வேண்டுமே என்று, சோற்றை ஆக்கி மூடிவைத்துவிட்டுப் பாலேஸ்வரி தன் லேடீஸ் சைக்கிளில் புறப்பட்டாள். முதல்நாள் வரை அடைமழை. வயலெல்லாம் வெள்ளம் நின்றது, தவளை கத்தியது, வானம் மட்டும் கழுவிவிட்ட பீங்கான் மாதிரி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வீட்டுக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது மார்க்கண்டு மிதித்த மிதியில் அவர் சைக்கிளின் பெடல் கழன்று சேற்றுக்குள் போய்விட்டது.

குகதாசர் யோசித்தார். இந்த நெடுவலுக்கு ஏற்ற சைக்கிள் அங்கே ஒன்றுதான். விருந்தாளியை நடக்கவிடவும் முடியாது. ஐயாவின் சைக்கிளை மனமில்லாமல் நீட்டினார். "மெல்லப் போங்கோ. குளம் வர, ரைட். குளக்கட்டு. ரைட், ஓக்கே?" என்று கையைக் காட்டினார். பாலேஸ்வரியிடம், "நீர் அவையோடை போம். நான் இதை உருட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

குளத்தடிக்கு வந்தார்கள். வலப்பக்கம் குளக்கட்டு. நேரே போனால் குணலட்சுமியின் படலை. குளம் நிரம்பிக் கட்டுக்கு மேலால் தண்ணி பாய்ந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவு இருக்கும். குகதாசர் என்றால் இதற்குள்ளும் மிதித்துப் போயிருப்பார், முழங்கால் அளவு என்றாலும் போயிருப்பார். மார்க்கண்டு சைக்கிளை நிறுத்தித் தண்ணியைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பாலேஸ்வரியைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள்.

பாலேஸ்வரி பின்னால் பார்த்தாள். புருசன் வளைவுக்கு அங்காலே, இன்னும் கண்ணில் தெரியவில்லை. கதைக்கமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தாள். வழி காட்டமாட்டேன் என்று செய்யவில்லை.

"ஸ்ட்ரெயிட்" என்றாள்.

குணலட்சுமி படலையடியில் நின்று, கலியாணத்துக்கு வேலி அடைப்பவர்களுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. அவள் ஆளைப் பார்க்கவில்லை. சைக்கிளைத்தான் பார்த்தாள். ஓடிவந்து கரியரைப் பிடித்தாள்.

"நில்லும். இது எங்கடை ஐயான்ரை சைக்கிள்."

மார்க்கண்டு இறங்கி, "குட் மோர்னிங்" என்றார்.

"உதெல்லாம் பேந்து. அண்ணை உமக்கு வித்தவரோ?" என்று கேட்டவளுக்கு, கேட்ட கையோடு கண் நிறைந்துவிட்டது. "வீடு வளவெல்லாம் எனக்கு விட்டிட்டு இது ஒண்டைத்தான் எடுத்த மனிசன். இதையும் வித்தவரெண்டால் அவருக்கு என்ன கஸ்ரமோ, ஆருக்குத் தெரியும்."

பாலேஸ்வரி வந்து சேர்ந்தாள். சைக்கிளை விட்டு இறங்கினாள். மச்சாளைப் பார்க்கவில்லை. அம்மாளும் பக்கத்தில் இல்லை. ஆகவே மார்க்கண்டுவைப் பார்த்தாள்.

"மார்க்கண்டு, சைக்கிள் விக்கேல்லை. பெடல் கழண்டு, இரவலாத் தந்தது எண்டு கேக்கிறவைக்குச் சொல்லும்."

குணலட்சுமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கண்டுவிடம் திரும்பினாள். "அப்ப அந்த மனிசன் எங்கையாம் எண்டு கேளும்."

"உருட்டிக்கொண்டு பின்னாலை வாறார். முழங்கால் நோவோடை."

"பிரண்டை எண்ணெய் பூசினவரோ எண்டு கேளும்."

"பூசினது. நல்ல சுகம் எண்டு சொல்லும்."

"மச்சாள் மெலிஞ்சு போனா எண்டு சொல்லும். பின்னை, தனியச் சாப்பிட்டால் ஆருக்கு உடம்பிலை ஒட்டும்?"

மார்க்கண்டு ரெண்டு தவிலுக்கு நடுவில் அகப்பட்டவர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தலையாட்டினார். பாவம், நல்ல பிறவி. 

குணலட்சுமி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய் வேப்பமரத்தில் சாத்தினாள். வெள்ளைகள் நாலு பேரையும் கதிரையில் இருத்தி, கலியாணத்துக்குச் சுட்டு வைத்த பயித்தம்பணியாரத்தையும் முறுக்கையும் தட்டில் வைத்தாள். பாலேஸ்வரி மட்டும் படலைக்கு வெளியே நின்றாள்.

குகதாசர் குளத்தடிக்கு வந்தபோது சேற்றில் சைக்கிள் தடமெல்லாம் நேரே போயிருந்தது. அவர் கொஞ்ச நேரம் தண்ணி பாய்வதைப் பார்த்தார். பிறகு பெடல் இல்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த ரோட்டில் நடந்தார். படலைக்கு எதிர்ப்பக்கம், ரோட்டின் மற்றக் கரையில் நின்றார். உள்ளே மார்க்கண்டு முறுக்குக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"மார்க்கண்டு," என்று கூப்பிட்டார், "என்ரை சைக்கிளைத் தரச்சொல்லும்."

"அண்ணை," என்றாள் குணலட்சுமி, "அந்த மனிசனைச் சாப்பிட விடுங்கோ. என்னோடை கதையுங்கோ."

ஒரு மாமாங்கத்துக்குப் பிறகு நேருக்கு நேர் வந்த சொல் அது. குகதாசர் தொண்டையைச் செருமினார்.

"நான் சைக்கிள் எடுக்க வந்தனான்."

"சைக்கிள் உள்ளுக்கு நிக்குது. வந்து எடுங்கோ."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓம். சைக்கிளுக்குத்தான் சொன்னது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள். சொன்னதுக்கு அது வந்திட்டுது. பன்னிரண்டு வருசம் பிந்தினாலும் வந்தது வந்ததுதான். வீட்டை வந்த ஆளைச் சாப்பிடாமல் அனுப்புற வழக்கம் எங்களிட்டை இல்லை."

பார்த்தால், வேப்பமரத்தில் சாத்திய சைக்கிளின் காண்டிலில் ஒரு பலகாரப் பை தொங்கியது.

வேலி அடைப்பவர்கள் சிரிப்பை மறைக்கக் கிடுகுக்குள் முகத்தை வைத்தார்கள். குகதாசர் சிரிக்கவில்லை. அவர் பார்வை சைக்கிளைத் தாண்டிப் போயிருந்தது. குசினி வாசலில் மதுரா நின்றாள். குளத்துக்கு அங்காலே இருந்து, அவள் படிக்கப் போவதையும் வேலைக்குப் போவதையும் அவர் கண்டிருக்கிறார். இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை. மூக்கு அப்படியே ஐயாவின் மூக்கு.

"மாமா" என்றாள் மதுரா.

குகதாசர் காண்டிலை இறுக்கிப் பிடித்தார். "வீட்டை வந்து சொன்னால் வருவன்" என்றார். "வேறை ஒண்டும் வேண்டாம். வந்து ஒரு சொல்லு."

பாலேஸ்வரி மூச்சை விட்டாள். இந்த ஒரு வசனத்தை அவர் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னமே தங்கச்சியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது பூநாரை நிற்கிற இடமெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

குணலட்சுமி உள்ளே போனாள். திரும்பி வரும்போது சீலை மாற்றியிருந்தாள், கையில் தட்டம், தட்டத்தில் குங்குமம், சந்தனம், கலியாணக் காட். "மதுரா, மாமாவின்ரை சைக்கிளை வெளியிலை கொண்டுபோய்க் குடு" என்றாள். பிறகு ரோட்டுக்கு வந்து, தமையன் பிடித்திருந்த சைக்கிளின் கரியரில் ஏறி ஒருபக்கமாக இருந்தாள். பாரத்தில் ஸ்பிரிங் கீச்சென்றது.

"எங்கை?" என்றார் குகதாசர்.

"உங்கடை வீட்டை. சொல்லத்தான். மிதியுங்கோ."

"நடந்து வாவன்."

"தையல் வகுப்புக்கு ஏத்தினனீங்கள். இதுக்கு ஏத்தமாட்டியளோ?"

"அப்ப நீ ஒரு பிடி இருந்தனி."

"இப்பவும் ஒரு பிடிதான். பிடிக்கிற கைதான் சின்னனாப் போச்சு."

குகதாசர் மிதித்தார். மார்க்கண்டுவுக்கு வாகீசனின் சைக்கிளைக் கொடுத்தார்கள், முழங்கால் காண்டிலில் இடிக்க இடிக்க அவரும் வந்தார். வாகீசன் அன்றைக்குப் போலவே இன்றைக்கும் வாய் திறக்காமல், பெடல் கழன்றதை உருட்டிக்கொண்டு கடைசியாக நடந்தார்.

குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதகு இருக்கிறது. மதகென்றால் பெரிய உயரமில்லை, ஒரு ஆடு படுத்த அளவு மேடு. அதில் குகதாசருக்குச் சைக்கிள் ஏறவில்லை. எழும்பி நின்று மிதித்தார். மூச்சு வாங்கியது.

"இறங்கன் குணம்."

"இறங்கமாட்டன். இறங்கினால் பேந்து நடந்து வந்து சொன்னவள் எண்டு சொல்லுவியள்."

மார்க்கண்டு இதைப் பார்த்து இறங்கி வந்து, பின்னால் கரியரில் கையை வைத்துத் தள்ளினார். "மவுன்டன்" என்றார். யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்று அவர் திரும்பிப் போய் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டார்.

வீட்டுப் படலைக்கு முன்னால் குணலட்சுமி இறங்கினாள். குகதாசர் அவசரமாக உள்ளே போய், கால் கழுவி, சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, கதிரையில் இருந்தார். பிறகுதான் தங்கச்சியும் வாகீசனும் தட்டத்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். இவ்வளவு நேரமும் அவளைச் சுமந்து வந்தவர், அன்றைக்குத்தான் கண்டவர் போல எழும்பினார்.

"வா, வா. என்ன இந்தப் பக்கம்?"

"அண்ணை, மச்சாள், மதுராவுக்குத் தையிலை கலியாணம். ரெண்டு பேரும் முன்னுக்கு வந்து நிண்டு நடத்தித் தரவேணும்."

"அதுக்கென்ன, வாறம்" என்றார் குகதாசர், மூச்சு இன்னும் சரியாக வராமல். காட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

குசினிக்குள் பாலேஸ்வரி அடுப்பில் கேத்தில் வைத்தாள். பின்னால் வந்த குணலட்சுமி அவளை விலக்கிவிட்டு, கேட்காமலே சீனிப் போத்தலை இருந்த இடத்தில் இருந்தே எடுத்தாள்.

"இடம் மாத்தேல்லையோ?"

"நீ வந்து தேடுவாய் எண்டு மாத்தேல்லை" என்றாள் பாலேஸ்வரி. பிறகுதான் சத்தியம் நினைவு வந்து நாக்கைக் கடித்தாள். முற்றத்தில் இருந்து குகதாசரின் குரல் வந்தது: "கதையும், கதையும். கோவிச்சது காணும்."

தையில் மதுராவின் மணவறைக்குப் பக்கத்தில் குகதாசர் பட்டு வேட்டியோடு நின்றார். தேங்காயை அவர்தான் உடைத்தார். ஒரே அடி. வாகீசனின் தமையனை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உடைத்தார்.

உதயகலாவுக்குத்தான் இப்போது மனக்குறை. வாகனம் வராத வழி என்று சொல்லி ஆட்களை அனுப்புகிறாள், வழி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தங்கச்சி வீட்டில் ஒரு தேத்தண்ணி, அதைக் கண்ட மாமி வீட்டில் ஒரு தேத்தண்ணி என்று, கோபம் ஒவ்வொன்றாய்த் தீரத் தீரப் பயணம் கடலுக்குப் போய்ச் சேருவதில்லை. "அத்தான், வாகீசனண்ணையின்ரை தமையனோடை மட்டுமாவது கோபமா இருங்கோ" என்று கேட்டுப் பார்த்தாள். அதைப் பற்றி யோசிக்கிறாராம்.

குகதாசர் வட்டுக்கோட்டையில், குளத்துக்கு இந்தப் பக்கம், பாலேஸ்வரியோடு இருக்கிறார். சனிக்கிழமை காலையில் தேடுகிறவர்கள் அவரைக் குணலட்சுமியின் வளவுக்குள், வேப்பமரத்தடியில் காணலாம்.